ஆகாசத்தில் காலியாக நின்ற வண்டி

உ

சிங்காநல்லூர்,
4-9-1996, புதன்கிழமை

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை ராசாத்தாள் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் மூன்றாம் வகுப்பு வாத்தியார் எழுதச் சொல்லிக்கொடுத்தார். நான் நலமில்லை. இருந்தாலும் வாத்தியார் பேச்சைத் தட்டக்கூடாது என்று அதையும் எழுதிவிட்டேன். உங்கள் ஊட்டுக்காரம்மா நங்கையாவும் பிள்ளைகளும் மாடு கன்றும் சுகம்தானே. நங்கையா பஸ்ஸில் கொடுத்தனுப்பிய புளி வந்து சேர்ந்தது. கண்டக்டர் அதில் ஒரு உருண்டை எடுத்துக்கொண்டான் என்று சந்தேகப்படுகிறேன். எவ்வளவு கட்டி அனுப்பினீர்கள் என்று நங்கையாவைக் கேட்டு எழுதவும்.

எங்கூட்டுக்காரர் கருமாதி அன்று நீங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளை குட்டியும் இல்லை, ஒத்தைப் பொம்பளை இந்த ஊட்டுல என்ன கண்ணு பண்ணுவே, வித்துப்போட்டு அன்னூருக்கே வந்துரு" என்று சொன்னீர்கள். யோசித்துப் பார்த்தேன். வந்துவிடலாம் என்றுதான் இருக்கிறேன். ஆனால் இங்கே ஒரு விவகாரம் தீராமல் கிடக்கிறது. அதைத் தீர்க்க ஆம்பளை ஒருவர் வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் மாப்பிள்ளை லாரி ஓட்டிய விதம் உங்களுக்குத் தெரியும். சென்னிமலையில் பெட்ஷீட் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போனால் திரும்பும்போது வெங்காயமோ, ஓடோ, எதுவும் கிடைக்காவிட்டால் யாராவது ஊர் மாறுகிறவர்கள் கட்டில் பீரோவோ, ஏதாவது ஒன்றை ஏற்றாமல் வரமாட்டார். "காலி வண்டி ஓட்டறதும் பட்டினி கெடக்கறவன் ஏப்பம் உடறதும் ஒண்ணு" என்பார். கல்யாணம் முடிந்து என்னை அன்னூரிலிருந்து அழைத்து வந்த அன்றைக்கே வண்டியில் இடம் சும்மா கிடக்கிறதே என்று வெல்ல மூட்டை ஏற்றினவர். பட்டுச்சேலையோடு மூட்டைமேல் உட்கார்ந்து வந்தேன். அந்த மூட்டைகளைத் தூக்கிவிட்டதே நீங்கள்தான். எறும்பு கடித்ததை நான் இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

நெஞ்சுவலி வந்து, ஸ்டியரிங் பிடிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லி, லாரியை விற்ற பிறகு அவர் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஃபேனைப் பார்த்துப் படுத்திருப்பார். இல்லாவிட்டால் என் சமையல்கட்டுக்குள் வந்து, மிளகாய் டப்பாவை ஏன் இங்கே வைத்தாய், எடை எல்லாம் ஒரு பக்கமாக இருக்கிறது, அலமாரி சாயும் என்பார். அப்புறம்தான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், சைக்கிள் கடை மாடியில் இருக்கும் ஜாவித் தம்பியின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போக ஆரம்பித்தார். முன்னே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்த இடம். காலையில் பிள்ளைகள் படிப்பார்கள், மத்தியானம் சும்மா கிடக்கும், மணிக்கு இவ்வளவு என்று கொடுத்தால் யாரும் உட்காரலாம். பக்கத்து வீதியில் இருக்கும் அழகிரிசாமி, மில்லில் மேஸ்திரியாக இருந்து ரிட்டயர் ஆனவர், அவரும் கூடவே போவார்.

போன பத்தாம் நாளே மூஞ்சியில் பழைய களை வந்துவிட்டது. சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு நல்ல ஓட்டம் அம்மணி. இருவதாயிரம் நின்னுச்சு" என்பார். எங்கே அந்த இருபதாயிரம் என்று கேட்டால், "அங்கயே இருக்கட்டும், முதலுக்கு ஆகும்" என்பார். இந்த ஊரில் ஃபைனான்ஸ் கம்பெனி எல்லாம் மாலை போட்டுத் திறந்து பூட்டுப் போட்டு ஓடிக்கொண்டிருக்கிற காலம். அவர் குளிக்கப் போகும்போது சட்டைப் பையைத் துழாவிப் பார்ப்பேன். பஸ் டிக்கெட்டும் புதினா மிட்டாயும்தான் இருக்கும். பையில் மிட்டாயும் வாயில் லட்சமும் என்றால் சந்தேகம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

கருமாதி முடிந்து நீங்கள் எல்லோரும் பஸ் ஏறின பிறகு அழகிரிசாமி வந்தார். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூக்கைச் சிந்திக்கொண்டே, "நாலு லட்சம் சேத்தி வெச்சிருந்தாருங்க அம்மணி. காலேஜுப் பசங்க எல்லாம் வாயைப் பொளந்துட்டு நின்னு பாப்பானுக. அனுபவிக்காமப் போயிட்டாரே" என்றார். எனக்கு அழுகை நின்றுவிட்டது. நாலு லட்சம்! மறுநாளே சென்டருக்குப் படி ஏறினேன்.

"ஏனுங் தம்பி, எங்கூட்டுக்காரரு பணம் நாலு லட்சம் உங்ககிட்ட இருக்குதாமே" என்று கேட்டேன்.

ஜாவித்துக்கு வேர்த்துவிட்டது. "அம்மா, அது வெளையாட்டுங்கம்மா. ஆகாசத்துல ஒவ்வொரு நட்சத்திரத்துலயும் ஒரு ஊரு, ஊருக்கு ஒரு சந்தை. ஒரு ஊர்ல மலிவா வாங்கி, கப்பல்ல ஏத்திட்டுப் போயி, வெலை கூட இருக்கற ஊர்ல விக்கணும். லாபம் வரும். ஆனா அது கம்ப்யூட்டருக்குள்ளதான் பணமுங்க."

"உள்ள இருந்தா என்னங்க, வெளிய எடுங்க."

"வராதுங்கம்மா."

"எங்கூட்டுக்காரரு போட்டப்ப மட்டும் உள்ள போச்சாக்கு?"

சத்தம் கேட்டுப் பின்கட்டிலிருந்து அவன் அம்மா பாத்திமுத்து வந்துவிட்டார். "மொதல்ல உக்காருங்க அம்மணி. டீ குடிச்சுப்போட்டுத் தெம்பாச் சண்டை போடுங்க" என்றார். டீயில் ஏலக்காய் போட்டிருந்தது. பணம் கேட்டு வந்தவளுக்கு யாராவது ஏலக்காய் போடுவார்களா? அப்போதே எனக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

ஜாவித் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து காட்டினான். கரி பிடித்த சட்டியில் உப்பைத் தூவினது போல ஒரே இருட்டும் புள்ளியும். நடுவில் இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒன்று மிதந்தது. அதுதான் கப்பலாம். கீழே இங்கிலீஷில் ஏதோ இருந்தது. "கப்பலுக்கு அய்யா வெச்ச பேருங்க. ராசாத்தாள்" என்று படித்தான். அண்ணா, இத்தனை வருசம் லாரி நெற்றியில் எங்கள் மாமியார் மாசாணியம்மாள் பெயரைத்தான் எழுதி வைத்திருந்தார். என் பெயரை ஒரு சைக்கிளில்கூட எழுதினதில்லை. ஆகாசத்தில் போகிற வண்டிக்குப் போய் வைத்திருக்கிறார், அங்கே யார் படிப்பது? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் கண்ணைத் துடைத்த நேரம் பார்த்து ஜாவித் கையிருப்பை வேகமாகக் காட்டி மறைத்ததையும் கவனித்தேன். நாலு லட்சம் இல்லை. மூணேகால்தான் இருந்தது.

முக்கால் லட்சம் எங்கே என்று அப்போது கேட்கவில்லை. திருடனிடம் திருட்டைச் சொன்னால் உஷாராகிவிடுவான். இருப்பதை மட்டும் ஒரு தாளில் அடித்துக் கொடு என்று வாங்கிக்கொண்டு நேராகப் பேங்க்குக்குப் போனேன். கேஷியர் நரசிம்மலு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்த நாட்டுக் காசுங்க?" என்றார். நாடு இல்லீங்க, ஆகாசமுங்க என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அங்க எங்களுக்குப் பிராஞ்ச் இல்லீங்களே அம்மா" என்றார். ஒரு பக்கமாகச் சிரித்தார். அவரும் இதில் கூட்டோ என்று ஒரு சந்தேகம்.

ஊட்டுக்கு வந்து யோசித்தேன். கணக்குத் தெரியாது, இங்கிலீஷ் தெரியாது, ஆனால் வண்டி தெரியும். மறுபடியும் போனேன். "வண்டி இப்ப எந்த ஊர்ல நிக்குது?" என்று கேட்டேன். ஊரில் இல்லை, ரெண்டு ஊருக்கு நடுவில், ஆகாசத்தில் நிற்கிறது என்றான். லோடு என்ன என்றேன். பார்த்தான். "லோடு ஒண்ணும் இல்லீங்கம்மா, காலி."

"நடு வழியில காலியாவா?"

"ஆமாங்கம்மா."

"அப்ப எங்கூட்டுக்காரருக்கு அப்புறம் வேற எவனோ வண்டியை எடுத்திருக்கறான்" என்றேன். 

ஜாவித் மறுபடியும் பெட்டியை உற்றுப் பார்த்தான். அவனே பிறகு ஒப்புக்கொண்டான். காலேஜுப் பையன்கள் கொள்ளைக்காரக் கப்பலைச் சுட்டு அதில் வரும் பரிசுப் பணத்துக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைவார்களாம். சரக்கு ஏற்றினாலும் ஒரு பக்கம் விற்றுவிட்டு வெறும் வண்டியோடு வருவார்களாம். இவர் ஒரு துப்பாக்கிகூட வாங்கவில்லை. வெள்ளாமை ஊரில் தானியம் ஏற்றிக்கொண்டு போய்த் தொழிற்சாலை ஊரில் இறக்கி, அங்கே மெஷின் சாமான் ஏற்றிக்கொண்டு வெள்ளாமை ஊருக்கே திரும்புவாராம். சென்னிமலைக்கும் மதுரைக்கும் லாரி ஓட்டினது போலத்தான். போகவும் லாபம், வரவும் லாபம். அதில்தான் இவ்வளவு சீக்கிரம் அத்தனை பணம். அப்பேர்ப்பட்டவர் காலியாக ஓட்டுவாரா? அதுவும் போகட்டும், கப்பலின் விலாவில் அடிபட்ட தழும்பு வேறு. இவர் லாரியில் காக்காய் எச்சம் பட்டாலே துடைக்கிற ஆள்.

அந்த நேரம் பார்த்துக் குடையோடு படியேறி வந்தார் அழகிரிசாமி. என்னைப் பார்த்ததும் குடையை மடக்க மறந்து வாசலில் மாட்டிக்கொண்டு நின்றார். மூஞ்சியே சொல்லிவிட்டது.

"நீங்கதானா?" என்றேன்.

"அவரு போன துக்கம் தாங்கலீங்க அம்மணி. அவரு சீட்டுல உக்காந்து ஒரே ஒரு ட்ரிப் ஓட்டிப் பாக்கலாமுன்னு..." என்று இழுத்தார். 

ஓட்டினவர் ஒழுங்காகத் தானியம் ஏற்றக்கூடாதா? ஒரே ட்ரிப்பில் ரெட்டை லாபம் என்று ஆசைப்பட்டுக் கள்ளச் சரக்கு ஏற்றியிருக்கிறார். போலீஸ் துரத்தி, சுட்டு, சரக்கைப் பறித்துக்கொண்டார்கள். கள்ளச் சரக்கு வாங்கின முக்கால் லட்சமும் அதோடு போய்விட்டது. அதோடு விட்டதா? கப்பல் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒன்று எரிகிறது. என்ன தம்பி அது என்றேன். ஜாவித் சொல்ல மாட்டேன் என்றான். பாத்திமுத்துதான் அதட்டிச் சொல்ல வைத்தார். குற்றவாளி என்று போட்டிருக்கிறதாம்!

அண்ணா, முப்பது வருசம் பில் இல்லாமல் ஒரு மூட்டை ஏற்றாத மனுசன். செக்போஸ்ட்டில் இவர் வண்டி என்றால் தார்ப்பாயைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார்கள். செத்த பிறகு அவர் வண்டிமேல் கேஸ். அதுவும் என் பெயர் எழுதின வண்டிமேல். நான் எப்படித் தூங்குவேன்?

ஆகவே நீங்கள் வெள்ளிக்கிழமை காலையில் உங்கள் மினி டெம்போவைக் காலியாக எடுத்துக்கொண்டு, மீசை வைத்த ஆட்கள் இரண்டு பேரோடு வரவும். முதலில் அழகிரிசாமியைப் பிடித்து அந்த முக்கால் லட்சத்தை நம் ரூபாயாகவே கறக்கவும். பிறகு ஜாவித்தை மிரட்டி மூணேகால் லட்சத்தைப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லவும். வராவிட்டால் பெட்டியையே எடுத்துக்கொள்ளலாம். பாத்திமுத்துவை ஒன்றும் சொல்ல வேண்டாம், டீ நல்ல டீ. எல்லாம் முடிந்ததும் என் கட்டில், அண்டா, கிரைண்டர் எல்லாவற்றையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு அன்னூருக்கு வந்துவிடுகிறேன். ஊட்டை வித்துவிடுங்கள். புரோக்கரிடம் விலையை மட்டும் என் முன்னால் பேசவும்.

நம்ம ஊர் மன்னீஸ்வரர் உங்கள் எல்லோரையும் நூறு வயசுக்கு வைத்திருக்கட்டும். எனக்கு அவ்வளவு வேண்டாம், இந்தக் கேஸ் முடிகிற வரைக்கும் போதும். நங்கையாவுக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
தங்கை ராசாத்தாள்

பின்குறிப்பு: மேலே எழுதியதன்படி எதுவும் செய்ய வேண்டாம். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் தாள் தண்டம். தபால்பெட்டிக்குப் போகிற வழியில்தான் சென்டர் இருக்கிறது என்று ஒரு எட்டு ஏறினேன். அபராதம் கட்டினால் பெயர் சுத்தமாகும் என்று ஜாவித் சொன்னான். கட்டு என்றேன். சிவப்பு அணைந்துவிட்டது. அழகிரிசாமி ஓட்டட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து எதை ஏற்றுவது எங்கே இறக்குவது என்று சொல்கிறேன், முக்கால் லட்சம் சேர்கிற வரைக்கும் மத்தியானம் தவறாமல் வரவேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். "அம்மணி, தானியம் வெலை எறங்கிக் கெடக்குது, வந்த வெலைக்குத் தள்ளிரலாமுங்க" என்கிறார். "பொறுங்க, அடுத்த ஊர் பாப்போம்" என்றேன். அடுத்த ஊரில் கூடுதல் விலைக்கு விற்றது. திரும்பும்போது மெஷின் சாமான் ஏற்றினோம்.

அண்ணா, அந்தப் பணம் வெளியே வராது என்று கேஷியர் சிரித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் என்னைப் பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். பணம் கேட்கிற சாக்கு இல்லாவிட்டால், அவர் துண்டு இன்னும் தொங்குகிற அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நான் எப்படி உட்காருவது?

ஊட்டை விற்க வேண்டாம். நான் அங்கே வரவில்லை. மீசைக்காரர்களும் வேண்டாம். தங்கையைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை வாருங்கள், ஆனால் டெம்போவைக் காலியாக ஓட்டி வராதீர்கள். உங்கள் தோட்டத்துத் தேங்காயை ஏற்றிக்கொண்டு வாருங்கள், இங்கே கடையில் விலை கேட்டு வைத்திருக்கிறேன். சென்னிமலையில் அவருக்குப் பழக்கமான தறிக்காரருக்கும் சொல்லியனுப்பிவிட்டேன். திரும்பும்போது பெட்ஷீட் ஏற்றிவிடுகிறேன், அன்னூர் சந்தையில் விற்றுத் தாருங்கள். வந்ததும் நேராகச் சென்டருக்கு வரவும், நான் அங்கேதான் இருப்பேன். நீங்கள் கூடப் பிறந்த அண்ணன்தான். இருந்தாலும் தேங்காயை எண்ணித்தான் இறக்குவேன்.