பயில்வான் வம்சமும் நோஞ்சான் வம்சமும்

குரங்கு போய்விட்டது. ஜன்னல் வழியாக வந்து, வறுத்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, அள்ளிக்கொண்டு, போகிற போக்கில் இரண்டு எலிக் கூண்டுகளையும் திறந்துவிட்டுப் போயிருந்தது.

பரசுராமன் தரையைப் பார்த்தார். எங்கும் வெள்ளை எலி. பயில்வான் எது, நோஞ்சான் எது என்று பெற்ற எலிக்கே தெரியாது.

கீழ்பென்னாத்தூரில் தன் மல்லாட்டை மண்டியில் எலிக்குப் பொறி வைத்த மனிதர், அண்ணாமலையில் ஆசிரமத்துப் பக்கம் வாடகை வீடு பிடித்து எலிக்கு மின்விசிறி போடுகிறார் என்று ஊர் சிரித்தது. சிரித்தவர்களை அவர் சும்மா விட்டதில்லை.

"சீனாவுல புதுசா காய்ச்சல் கிளம்பியிருக்குன்னு பேப்பர்ல பாத்தியா? கொரோனான்னு கிருமி. அதுக்குப் பங்காளிக் கிருமி ஒண்ணு எலியப் பிடிக்கும். நோஞ்சான் வம்சம் நாலு நாள்ல சுருண்டுடும். பயில்வான் வம்சம் மீசைய முறுக்கிக்கினு நிக்கும். ரெண்டுக்கும் பொறப்புலயே வித்தியாசம். அது என்னான்னுதான் சென்னைல டாக்டர் அறிவுமதி ஆராய்ச்சி பண்றாங்க. எலி யாருது? நம்மது."

இரண்டு வம்சத்தையும் ஐந்து தலைமுறை கலப்பில்லாமல் வளர்த்துக் கொடுத்தால், கட்டுரையில் 'அண்ணாமலை வம்சம்' என்றே அச்சடிப்பதாக டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். கலப்பில்லாமல் என்றால், ஒரே ஈற்றில் பிறந்த அண்ணனுக்கும் தங்கைக்கும்தான் ஜோடி. அந்தக் கண்றாவியைத் தன் கையால் செய்யப் பரசுராமனுக்குக் கூசியது. கூண்டு கழுவும் ராணியம்மாளிடம் அதையும் தள்ளிவிட்டுப் பெருமையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

எலிகளை எடுத்துப் போக டாக்டர் இன்று மதியம் வருகிறார்.

"ராணியம்மா, அடையாளம் எதனா தெரியுதா?"

"எல்லாம் ஒரே மூஞ்சியாத்தான் கீது மொதலாளி."

"பயில்வான் முரட்டு வம்சம். விரல நீட்டறேன். கடிச்சா இந்தக் கூண்டு, கடிக்கலன்னா அந்தக் கூண்டு."

முதல் எலி கடித்தது. இரண்டாவதும் கடித்தது. பயில்வான் கூண்டு நிரம்பி வழிந்தது. நோஞ்சான் கூண்டில் ஒரே ஒரு கிழட்டு எலி; அதற்குப் பல் இல்லை.

"மல்லாட்ட வறுத்த கைய கழுவனீங்களா?" என்றாள் ராணியம்மாள்.

கழுவவில்லை.

அடுத்து உடம்பைப் பார்த்துப் பிரித்தார். கொழுத்ததெல்லாம் பயில்வான் என்று வாலில் குங்குமம் வைத்தார். அவை ஒன்றையொன்று நக்கி, உரசி, சற்று நேரத்தில் எல்லாமே ரோஸ் கலரில் திரிந்தன.

"கோயில் குங்குமம். சீக்கிரத்துல போவாது" என்றாள் அவள்.

வெந்நீரில் சீயக்காய் கரைத்துக் குளிப்பாட்டினார். குங்குமம் போயிற்று. நனைந்ததும் உடம்பும் போயிற்று. இப்போது எல்லாமே நோஞ்சான்.

வாசலில் கார் நின்றது.

டாக்டர் அறிவுமதி உள்ளே வந்து, வெயிலில் காயும் எலிகளையும், விரலெல்லாம் கட்டுப் போட்ட பரசுராமனையும் பார்த்தார். பரசுராமன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

டாக்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இதுக்கா இந்தப் பாடு? லேப்ல கிருமி குடுத்தா அதுவே பிரிச்சுக் காட்டிடும். பயில்வானோட செல்லுல பூட்டு வேற. கிருமிகிட்ட இருக்கற சாவி அதுக்குச் சேராது. கூண்டு கலந்தா ஒண்ணும் இல்லீங்க. ரத்தம் கலந்திருந்தாத்தான் எல்லாம் வீண்."

பரசுராமனுக்கு உயிர் வந்தது. உயிருக்கு முன்னால் பெருமை வந்தது. ஈர மீசையை முறுக்கிக்கொண்டார்.

"ரத்தமா? அஞ்சு தலைமுறைங்க மேடம். அண்ணன், தங்கச்சி, திரும்பவும் அண்ணன், தங்கச்சி. ஒரு சொட்டு வெளி ரத்தம் கெடையாது. சந்தேகம்னா ஜோடி சேத்த கையையே கேளுங்க."

ராணியம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவரைவிடப் பெருமையாக நிமிர்ந்தாள்.

"அவரு கெடக்கறாரு மேடம், ஆம்பளைக்கு இன்னா தெரியும். கூடப் பொறந்ததுங்களுக்கு ஜோடி போடற பாவத்த நான் செய்வனா? மொத நாள்லேர்ந்து அந்தக் கூண்டுல பொண்ணெடுத்து, இந்தக் கூண்டுல பொண்ணு குடுத்து, அத்தினியும் மொறை மாப்பிள்ளைக்குத்தான் கட்டி வெச்சிருக்கேன்."