ஐந்து மணிக்குப் பிறந்தவள்

மனிதர்களைத் தாய்மார்கள் பெற்றெடுக்கிறார்கள் என்ற மூடநம்பிக்கை உலகில் இன்னும் ஒழிந்தபாடில்லை. பெற்றெடுப்பது எங்கள் அலுவலகம். இரண்டாம் மாடி, பிறப்புப் பிரிவு, நான்காவது ஜன்னல். பத்தொன்பது வருடங்களாக அங்கே எழுத்தராக அமர்ந்து, இன்னும் 'பிறக்காத' பலரிடம் விண்ணப்பம் வாங்கியிருக்கிறேன்.

அப்படி வந்தவள்தான் அந்தப் பெண். வயது பதினேழு. (அவள் கூற்று, அலுவலகம் பொறுப்பல்ல.) நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அன்று மாலை ஐந்துக்குள் கல்லூரியில் பிறப்புச் சான்றிதழ் தராவிட்டால் இடம் போய்விடும். ஏழு மாதமாக எங்கள் ஜன்னலுக்கு நடந்தவள், இம்முறை அம்மாவையும் அழைத்து வந்திருந்தாள்.

"சார், பெத்தவளே வந்துட்டேன்" என்றார் அம்மா.

"சந்தோஷம்மா. பெத்ததுக்கு ஆதாரம்?" என்றேன்.

அம்மா மகளைக் காட்டினார்.

"அது பொண்ணும்மா. நான் கேக்கறது ஆதாரம்."

எங்கள் பதிவாளர் கருணைக்கடல். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி வழி சொன்னார்: "பிறப்பு பதிவாகலைன்னு முதல்ல ஒரு சான்றிதழ் வாங்கும்மா."

"குடுங்க சார்" என்றாள் பெண்.

"வாங்கறது யாருன்னு தெரியணுமே. பிறப்புச் சான்றிதழ் வச்சிருக்கியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நான் பிறக்கவே இல்லையா சார்?"

"அவசரப்படாதே. அதுல நாங்க இன்னும் முடிவெடுக்கலை."

"எடுக்கற வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்று ஜன்னலடியில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் அம்மாவும் உட்கார்ந்தார். கெஞ்சினோம், மிரட்டினோம். மின்விசிறியைக்கூட நிறுத்திப் பார்த்தோம். வியர்த்தது எங்களுக்குத்தான்.

மணி ஐந்து. அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு யார் முகத்தையும் பார்க்கவில்லை. அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

பொறுமைக்கும் எல்லை உண்டல்லவா? பதிவாளர் காவல் நிலையத்துக்குப் புகார் எழுதினார். பெயர், தாயார் பெயர், பிறந்த தேதி, வயது பதினேழு, விலாசம், அரசுப் பணிக்கு இடையூறு. எதற்கும் ஆதாரம் கேட்கவில்லை. ஓர் எழுத்துகூடத் தடுமாறவில்லை. கையெழுத்து, முத்திரை. நாலே நிமிடம்!

அவள் எட்டிப் படித்தாள். "நான் பிறந்ததை இப்ப மட்டும் எப்படி சார் நம்பினீங்க?"

"தப்பு பண்ணியிருக்கியேம்மா! பிறக்காம எப்படிப் பண்ண முடியும்?"

சாட்சி ஒருவர் தேவைப்பட்டார். கடமை தவறாத நான் கையெழுத்திட்டேன்: 'மேற்படி பெண்ணை ஏழு மாதங்களாக நேரில் நன்கு அறிவேன்.'