மேனேஜர் வாய் திறக்க மறுப்பது குறித்து

ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி

அன்பும் மரியாதையும் கலந்த அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்கால் சென்ற மாதம் இருந்ததைவிட மோசமாகாமல் இருந்தால் அதுவே போதும். இங்கே நான் நலம். என் மனைவியும் நலம், ஆனால் காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. ஆறரை மாதமான உன் மருமகனும் நலமே. யாரைப் பார்த்தாலும் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதால் அவனை மேனேஜர் என்றுதான் வீட்டில் கூப்பிடுகிறோம் என்பது உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்திலும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் நீ 'ஹலோ' சொன்ன பிறகு எனக்குப் பேச வாய்ப்புக் கிடைத்ததாக நினைவில்லை. விஷயமோ சற்று நீளமானது. மாடி வீட்டு டிரைவர் இன்று ஐந்து மணிக்கு உன் ஊர் பஸ்ஸை எடுக்கிறார். அவர் கையில் கொடுத்தால் இரவுச் சாப்பாட்டுக்கு முன் உன் வீட்டில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

விஷயம் இதுதான். என் மனைவி எக்ஸ்ரே அறை வேலைக்குத் திரும்பிப் பதினைந்து நாளாகிறது. அந்தப் பதினைந்து நாளும் நான் லீவு போட்டு மேனேஜரைப் பார்த்துக்கொண்டேன். நாளை முதல் எனக்கும் வேலை. இரண்டு தெரு தள்ளி ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்கிறது, நல்ல இடம், ஜன்னல்களுக்குக் கம்பியெல்லாம் சரியாகப் போட்டிருக்கிறார்கள், நானே ஆட்டிப் பார்த்தேன். ஆனால் அங்கே ஒரு விதி. பால் மட்டும் குடிக்கிற குழந்தையைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். தாயோ தகப்பனோ காப்பகத்தை நடத்துகிற அம்மாவின் எதிரே உட்கார்ந்து ஒரு கிண்ணம் மசியலை, அதாவது பன்னிரண்டு ஸ்பூன், குழந்தைக்கு ஊட்டிக் காட்ட வேண்டும். "என்கிட்ட பதினெட்டு பிள்ளைங்க இருக்கு சார். ஒவ்வொண்ணுக்கும் முதல்லேருந்து பழக்க எனக்குக் கை பத்தாது. வீட்ல பழக்கிட்டு வாங்க," என்றார் அவர். நியாயம்தான். நாளைக் காலை எட்டரை மணிக்கு எங்களுக்குக் கடைசி வாய்ப்பு. என் மனைவிக்கு அப்போது டியூட்டி என்பதால் ஊட்ட வேண்டியவன் நான்.

இதில் நான் மெத்தனமாக இருந்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. பதினாறு வருடமாக லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருக்கிறவன் ஒரு கேரட்டை எப்படி அணுகுவானோ அப்படித்தான் அணுகினேன். முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தேதி, காய், கொடுத்தது, உள்ளே போனது, திரும்பி வந்தது, குறிப்பு என்று கட்டம் போட்டேன். பிறகு குழந்தை உட்கார்ந்து சாப்பிடுகிற உயர நாற்காலி ஒன்று வாங்கினோம். எந்த லிஃப்டானாலும் அதில் ஏறுகிற ஆளின் இடத்திலிருந்து ஒருமுறை பார்க்காமல் நான் சான்றிதழ் கொடுத்ததில்லை. அதனால் மேனேஜரைத் தரையில் பாயில் விட்டுவிட்டு நான் அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்தவரை ஒன்றும் குறையில்லை. எழுந்திருக்கும்போதுதான் நாற்காலியும் கூடவே எழுந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ லிஃப்டில் எத்தனையோ பேர் மாட்டிக்கொண்டு பார்த்திருக்கிறேன், நான் மாட்டியது இதுதான் முதல் தடவை. நாற்காலியோடு குனிந்தபடியே வாசல்வரை நடந்துபோய், கீழ் வீட்டுத் தச்சரைக் கூப்பிட்டேன். அவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எப்படி சார் உள்ள போனீங்க?" என்றார். ஆய்வுக்காக என்றேன். ரம்பத்தை எடுத்தார். மேனேஜர் பாயில் கிடந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே, நான் ஊட்டிய பதினைந்து நாளில் அவன் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்று ஒரு நாள்தான்.

இரண்டாவது நாற்காலி வந்ததும் கேரட்டில் ஆரம்பித்தோம். வேகவைத்து, மசித்து, வடிகட்டி, என் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்து, பதினான்கு ஸ்பூன் கொடுத்தேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். இடுக்கு வழியாக உள்ளே போனதும் அதே இடுக்கு வழியாகத் திரும்பி வந்தது. பதின்மூன்று ஸ்பூனுக்குக் கணக்கு வந்தது, ஒன்று மட்டும் எங்கே போனதென்று தெரியவில்லை. குறிப்பில் 'தேடப்படுகிறது' என்று எழுதிவைத்தேன். மறுநாள் மதியம் வியர்க்கிறதே என்று ஃபேனைப் போட்டபோது அது நான்கு சுவரிலும் கிடைத்தது. உருளைக்கிழங்குக்கு மூன்று நாள், வாழைப்பழத்துக்கு மூன்று நாள், ஆப்பிளுக்கு மூன்று நாள். உள்ளே போனது என்ற கட்டத்தில் எல்லா நாளும் பூஜ்யம். பூசணியைப் பார்த்ததும் ஸ்பூனைத் தட்டிவிட்டு என் நோட்டைப் பிடுங்கிக் கடித்தான். அதுவும் வெளியேதான் வந்தது.

இதில் என் மனதை அறுப்பது என்னவென்றால், மற்ற யார் கொடுத்தாலும் சாப்பிடுகிறான். தச்சர் இன்னொரு நாள் எட்டிப் பார்த்தவர், கையிலிருந்த ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் ஸ்பூனை எடுத்து, தன் வாயை ஆ என்று பிளந்துகொண்டு, "எங்க, காட்டு!" என்றார். மேனேஜரும் ஆ என்றான். மூன்று ஸ்பூன். மாடி வீட்டு டிரைவர் பஸ் நிறுத்தத்தில் ஆள் ஏற்றுகிற மாதிரி, "உள்ள போ, உள்ள போ, இடம் இருக்கு!" என்று தானும் வாயைத் திறந்துகொண்டு ஐந்து ஸ்பூன் ஏற்றிவிட்டார். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர், பெயர்கூடத் தெரியாது, வாசலில் நின்றபடியே வாயைத் திறந்து இரண்டு ஸ்பூன் கொடுத்துவிட்டு ரீடிங் எழுதிக்கொண்டு போனார். அவருக்கு முன் அனுபவம் ஏதும் இல்லையாம், கல்யாணமே ஆகவில்லை.

"எல்லாரும் வாயைத் திறக்கிறாங்க, அதைப் பாத்து அவனும் திறக்கிறான். நீங்களும் திறந்தா என்ன?" என்றாள் என் மனைவி.

"சாப்பிடப்போறது அவன். நான் எதுக்கு வாயைத் திறக்கணும்?"

"ஒரு கையில நோட்டு, ஒரு கையில ஸ்பூனு, மூஞ்சிய உம்முனு வெச்சுக்கிட்டு உக்காந்தா, அவன் என்ன தப்பு பண்ணினோம்னுதான் நெனப்பான்."

அவளுக்கு என் தொழிலின் கஷ்டம் தெரியாது. ஆய்வு செய்கிறவன் முகத்தில் எதுவும் தெரியக்கூடாது. லிஃப்டுக்குள் நின்று மேலே பார்த்து நான் ஒருமுறை வாயைப் பிளந்தால் அந்தக் கட்டடத்தில் அப்புறம் எல்லாரும் படியில்தான் ஏறுவார்கள். பதினாறு வருடம் மூடியே பழகின வாய், அக்கா. கண்ணாடி முன் நின்று முயன்று பார்த்தேன். பல் டாக்டரிடம் போன மாதிரி இருந்ததே தவிர, யாருக்கும் சாப்பிடத் தோன்றும்படி இல்லை. நேற்றுக் காப்பகத்தில் அந்த அம்மாவின் எதிரே ஒத்திகை பார்த்தபோதும் இதே கதை. நான் ஸ்பூனை நீட்டினேன். மேனேஜர் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இருவரும் வாயை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மாதான் கடைசியில், "உங்க ரெண்டு பேருல யாரு சார் சாப்பிட மாட்டேங்கறது?" என்று கேட்டார்.

ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு வலிக்கிறது. பதினைந்து நாள் அவனுக்குத் துணி மாற்றினேன், தோளில் போட்டு நடந்தேன், அவன் தும்மினால் எனக்குப் பதறுகிறது. மீட்டர் பார்க்க வந்தவரிடம் சாப்பிட்டவன் என்னிடம் சாப்பிட மாட்டேன் என்கிறான். என்னை அவனுக்குப் பிடிக்கவில்லையோ என்று நேற்றிலிருந்து ஒரு எண்ணம். இதை என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அதனால் அவன் பிறந்தபோது நீ சொன்னாயே, ஒரு வயது ஆகிறவரை நான் கொண்டுபோய் வளர்க்கிறேன் என்று, அதற்கு நான் அன்று வெடுக்கென்று பதில் சொன்னேன், மன்னித்துக்கொள். நாளைய தேர்வு என்ன ஆகும் என்பது எனக்கு இப்போதே தெரியும், போவதாக இல்லை. மதியத்துக்குள் நீ வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போ. இரண்டு பை கட்டி வைத்துவிட்டேன். என் மனைவி காலையிலிருந்து ஒரே துண்டை மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து பார்த்துக்கொள்கிறோம். தூங்கும்போது அவன் பக்கத்தில் இருப்பவர் காதைப் பிடித்துக்கொள்வான், விலக்காதே. இடது தோளில் போட்டால்தான் ஏப்பம் வரும். குளிக்கும்போது அழுதால் அதற்குக் காரணம் தண்ணீர்ச் சூடு அல்ல, உன் வளையல் சத்தம் பிடிக்கவில்லை என்று அர்த்தம், கழற்றி வைத்துவிடு. முக்கியமாக, அவன் எழுந்ததும் முதலில் யாராவது அவன் கண்ணில் பட வேண்டும், அதுவரை அழாமல் தேடுவான், அழவில்லையே என்று சமையலறையில் இருந்துவிடாதே.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் இருவர் ஆசியும் எங்கள் மூவருக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பி.கு.: மணி நாலே முக்கால். எந்த அறிக்கையையும் கையெழுத்துப் போட்ட பிறகு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என் வழக்கம், அதை ஆபீசில் எல்லாரும் அறிவார்கள். அப்படியே இந்தக் கடிதத்தையும் படிக்க உட்கார்ந்தேன். மேனேஜர் எதிரே நாற்காலியில் இருந்தான். பக்கத்தில் மதியம் மீந்த பூசணி மசியல் ஒரு கிண்ணம் இருந்தது. எழுதுவதற்குத்தான் நோட்டை எடுப்பேன், படிக்கும்போது எடுப்பதில்லை, ஆகையால் ஒரு கை சும்மா இருந்தது. நான் உரக்கப் படிக்கப் படிக்க அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் திறந்தபோதெல்லாம் அவனும் திறந்தான். கை தானாகப் போயிருக்கிறது. நாற்காலியை அறுத்த இடம் வரும்போது ஐந்து ஸ்பூன் ஆகிவிட்டதாம். "நிறுத்தாதீங்க, படிங்க, படிங்க!" என்று என் மனைவி கதவருகே நின்று கிசுகிசுத்தபோதுதான் எனக்கே தெரிந்தது. காலையிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. உன்னை வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லி எழுதிய இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை, வாய் மட்டும் திறந்தபடி நின்றுவிட்டது, அங்கேயே அவன் நான்கு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டான். கிண்ணம் காலி. திரும்பி வந்தது ஒன்றும் இல்லை.

ஆகவே மேலே எழுதியது அனைத்தும் ரத்து. நீ வர வேண்டாம். பைகளைப் பிரித்தாகிவிட்டது. நாளை எட்டரை மணிக்குக் காப்பகத்தில் எதைப் படிப்பது என்று யோசித்தோம். செய்தித்தாளைக் காட்டிப் பார்த்தேன், உதட்டை மூடிக்கொண்டான். இந்தக் கடிதம்தான் வேண்டுமாம். டிரைவர் கீழே ஹார்ன் அடிக்கிறார், கொடுக்க ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆகையால் இந்தக் கடிதம் உனக்கு வராது, அக்கா. வந்திருந்தால் உடனே திருப்பி அனுப்பு, அவன் பசியோடு இருப்பான்.