சர்டிபிகேட் என்ற சேவல்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: நான். அவ்வளவுதான். நான் மட்டுமே இருக்க வேண்டும் என்பது விதி, அதை நான் மீறவில்லை. அறைக்கு வெளியே, கதவில் முதுகைச் சாய்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் என் மனைவி ஷீபா. கம்ப்யூட்டர் திரையின் மூலையில், தீப்பெட்டி அளவுச் சதுரத்துக்குள், தேர்வைக் கண்காணிக்கிற ஒரு பெண். ஜன்னலுக்கு வெளியே, எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் சர்ச் வளாகத்தில், சபைச் செயலர் ஞானதாஸ் மாமா, வீடு கட்டிக்கொடுக்கும் காண்ட்ராக்டர் தங்கராஜ் அண்ணன், அவருடைய மச்சினன் செல்வராஜ், சபையார் நூறு பேர், ஒரு மைக், தென்னை மரத்தில் கட்டிய இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள், கால் கட்டப்பட்ட ஒரு சேவல். பரலோகத்தில் இருக்கிறவரையும் சேர்த்தால் (அன்றைக்கு அவரை அடிக்கடி கூப்பிட்டேன், சேர்க்கத்தான் வேண்டும்) பட்டியல் முடிந்தது.

நான் பயந்தாங்கொள்ளி. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நினைத்து நினைத்தே காய்ச்சல் வந்து, ஒன்பதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வீட்டில் வறுமை, அதனால் படிப்பு நின்றது என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். வறுமை எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும்தான் இருந்தது. மற்றவர்கள் போய்ப் பரீட்சை எழுதினார்கள்.

ஆனாலும் கம்ப்யூட்டர் கையில் படிந்தது. இரணியல் ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் சின்னதாக ஒரு நெட் சென்டர் வைத்திருந்தேன். ரயில் டிக்கெட், பரீட்சை முடிவு, கல்ஃப் போகிறவர்களின் பாஸ்போர்ட் விண்ணப்பம் என்று கூட்டம் நிற்கும். பிறகு செல்போனில் நெட் மலிவானது. ஆறு கம்ப்யூட்டரில் ஐந்துக்குத் துணி போட்டு மூடினேன். ஷீபா தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் சம்பளத்தில் வீடு ஓடியது. அவள் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. (சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.)

அப்போதுதான் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றின் தாளாளர், அவர்களுடைய கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். மாதச் சம்பளம். எனக்குத் தர அவருக்கு விருப்பம்தான்.

“ஆனா ஒரு சர்டிபிகேட் வேணும் தம்பி. கமிட்டியில கேப்பாங்க. ஏதாவது யூனிவர்சிட்டி பேரு போட்டு ஒரு பேப்பர் இருந்தா மதி” என்றார்.

ஒன்பதாம் வகுப்புக்காரனுக்கு எந்தப் பல்கலைக்கழகம் பேப்பர் கொடுக்கும்? தேடிப் பார்த்தேன். கொடுக்கிறார்கள். பல பல்கலைக்கழகங்கள் கூடி ஒரே இணையதளத்தில் பாடம் நடத்துகின்றன. ஒரு பாடம் இந்த ஊர்ப் பேராசிரியர், அடுத்த பாடம் வேறு ஊர்க்காரர். யாரும் சேரலாம், எத்தனையாவது வரை படித்தாய் என்று கேட்க மாட்டார்கள். நான் சேர்ந்தது சைபர் செக்யூரிட்டி. உலகத்தில் பயப்படுவதையே பாடமாக வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், இத்தனை காலம் நான் வேறெங்கோ அலைந்திருக்கிறேன் என்று தோன்றியது.

முதல் வாரமே வீட்டில் எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டு மாற்றினேன். கேமரா வழியாக யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஷீபாவின் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரியை வெட்டி அதன் மேல் ஒட்டினேன். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தால், அவள்தானா என்று உறுதிப்படுத்த, கல்யாணத்தன்று அவள் உடுத்த சேலையின் நிறம் கேட்டேன்.

“டியூட்டி கழிஞ்சு வாறேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். வந்து என்ன சொன்னாள் என்பது இங்கே வேண்டாம்.

கடைசியில் தேர்வு. வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் கேமரா வழியாக ஓர் ஆள் கண்கொட்டாமல் பார்ப்பார். அறையில் வேறு ஆள் கூடாது, பேசக் கூடாது, எழும்பக் கூடாது. எல்லாக் கேள்விக்கும் நான்கு விடைகள், ஒன்றிலிருந்து நான்கு வரை எண் போட்டு. சரியான எண்ணை அழுத்த வேண்டும்.

நாளும் நேரமும் நானே தேர்ந்தெடுத்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு. குளச்சல்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள், ஆகவே மீன் பைக்கின் ஹாரன் இருக்காது. ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்கள், ஆகவே சர்ச் அமைதியாக இருக்கும். பக்கத்து வீட்டு அக்காவிடம் மிக்சி போட வேண்டாம் என்று கெஞ்சியாகிவிட்டது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர், நெட் போனால் ஷீபாவின் செல்போன். நான் யோசிக்காத ஆபத்து ஒன்றுகூட இல்லை என்று நம்பினேன்.

முந்தைய ஞாயிறு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. அவரவர் வீட்டில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டு வருவார்கள். வாழைக்குலை, தேங்காய், முட்டை, கோழி. ஆராதனை முடிந்ததும் வெளியே மைக் போட்டு ஏலம் விடுவார்கள். படிக்க வேண்டும் என்று நான் அன்றைக்குப் போகவில்லை. நல்ல மழை. ஷீபா நனைந்து வந்து ஏதோ சொன்னாள். நான் காதில் ஹெட்போனோடு பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன். “ம்” என்றேன். எல்லா ஆபத்தையும் யோசித்தவன் இதற்கும் வழி வைத்திருப்பான் என்று அவள் விட்டுவிட்டாள். அவள் சொன்னது, மழையால் ஏலத்தை அடுத்த ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு மாற்றிவிட்டார்கள் என்பது.

தேர்வு தொடங்கியது. பிளாஸ்திரியை உரித்திருந்தேன், பசை போகவில்லை. என் முகம் மங்கலாக இருக்கிறது என்று கண்காணிப்புப் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். வேட்டி நுனியால் துடைத்தேன். கேமராவைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். காட்டினேன். என் ஆங்கிலம் அவளுக்கு என்ன துன்பம் தந்ததோ, “சேட்டனு மலையாளம் அறியாமோ?” என்று கேட்டாள். பேர் தன்யா, கோழிக்கோட்டுப் பக்கம். எனக்குப் பாதிப் பயம் போனது. எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் மலையாளம் தெரியாது?

ஐந்து கேள்வி ஒழுங்காகப் போனது. ஆறாவது கேள்வியில் தென்னை மரம் இருமியது.

“ஹலோ… ஹலோ… மைக் ஓகேயா லேய்? சபையாரே, எல்லாரும் கிட்ட வாருங்க. முதல்ல ஏத்தங்குலை.”

ஞானதாஸ் மாமாவின் குரல். என் ஜன்னலிலிருந்து பத்தடி. கதவுக்கு வெளியே ஷீபா நாற்காலியை விட்டு எழும்பும் சத்தம் கேட்டது.

“முந்நூறு ஒரு தரம்… முந்நூறு ரெண்டு தரம்…”

தன்யாவின் முகம் திரைக்கு அருகே வந்தது. “ஆரா அவிடெ நம்பர் பறயுந்நது?”

யார் அங்கே எண் சொல்வது என்று கேட்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒருவர் ஊருக்கே கேட்கச் சொல்கிறார். என் விடைகளும் ஒன்று, இரண்டு, மூன்று. இதை எப்படி விளக்குவது?

“சர்ச். ஏலம். வாழைக்குலை” என்றேன். மூன்று சொல்லும் உண்மை. மூன்றும் சேர்ந்தபோது பொய் மாதிரியே இருந்தது. தன்யா முதல் எச்சரிக்கை என்று பதிந்துகொண்டாள்.

என் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவது கேள்வி, ஒரு கம்ப்யூட்டருக்குப் பல பக்கமிருந்தும் ஓயாமல் கோரிக்கை அனுப்பி, அதைத் திணறடித்து முடக்கும் தாக்குதல் பற்றியது. எனக்கு அது நன்றாகத் தெரியும். அந்த நிமிஷம் நானே அந்தக் கம்ப்யூட்டராக இருந்தேன். இரண்டா மூன்றா என்று தடுமாறியபோது, “ரெண்டு தரம்” என்றார் ஞானதாஸ் மாமா. நான் இரண்டை அழுத்தினேன்.

ஷீபா மதில் பக்கம் ஓடி, மைக்கைக் குறைக்கச் சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்து கதவிடுக்கில் பேசினாள்.

“இஞ்ச பாருங்க, பயப்படாதீங்க. இனி ஒரு சேவல்தான் உண்டாம். அது போனா தீந்துச்சு.”

நான் பேசக் கூடாது, தலையாட்டவும் பயம். ஒரு சேவல்தானே என்று ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் ஏலத்தில் நின்றவர்கள் யாரென்று கேட்கும் வரைக்கும்தான்.

தங்கராஜ் அண்ணனும் அவர் மச்சினன் செல்வராஜும் ஒரு வழித் தகராறில் பேச்சை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. அவர்களுக்குள் பேச்சு என்று ஒன்று இருப்பது வருடத்தில் ஒரே தடவை, அறுப்பின் பண்டிகை ஏலத்தில், தொகையால் மட்டும். ஒருவர் விட்டால் தோற்றது மாதிரி. அதனால் பத்துப் பத்து ரூபாயாக ஏறுவார்கள்.

“அறுநூத்திப் பத்து.”

“இருவது.”

“முப்பது. நம்மகிட்டயா வெளையாடுதான்?”

“சேவலுக்குத் தெரியும் ஆரு வீட்டுக்குப் போகணும்னு. நாப்பது.”

கூட்டம் சிரித்தது. ஞானதாஸ் மாமாவுக்கு அவசரமே இல்லை. “அறுநூத்தி நாப்பது ஒரு தரம்… கர்த்தருக்க சந்நிதிக்கு வந்த சேவல், பாத்துக் கேளுங்க… அறுநூத்தி நாப்பது ரெண்டு தரம்…” மூன்றாம் தரம் வரவே வராது. அந்த நிமிஷத்தில் இன்னொருவர் ஐம்பது என்பார்.

“சேட்டா, ஈ ஒச்ச நிந்நில்லெங்கில் பரீக்ஷ நிர்த்தேண்டி வரும்.” சத்தம் நிற்காவிட்டால் தேர்வை நிறுத்த வேண்டி வரும் என்றாள் தன்யா. குரலில் வருத்தம் இருந்தது, அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பதினோராவது கேள்விக்கு விடையை அழுத்தினேன். பள்ளிச் சம்பளம், மூடிய ஐந்து கம்ப்யூட்டர், ஷீபாவின் இரவு டியூட்டி, பதினைந்து வயதில் காய்ச்சலோடு போர்வைக்குள் கிடந்த நான், எல்லாம் அந்தச் சேவலின் கழுத்தில் தொங்கின. அறுநூற்றுத் தொண்ணூறு. எழுநூறு. இவர்கள் பத்துப் பத்தாக ஏறி எப்போது ஓய்வது? யாராவது ஏற முடியாத உயரத்துக்குப் போனால் ஒழிய இது தீராது.

எழும்பி ஜன்னலுக்கு ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

“ஐயாயிரம்.”

அமைதி. ஆறாவது கேள்வியிலிருந்து நான் ஏங்கிய அமைதி. தென்னை ஓலை அசைவது கேட்டது. நூறு தலைகள் என் ஜன்னலைப் பார்த்தன. தங்கராஜ் அண்ணன் மெதுவாகச் செல்வராஜ் பக்கம் திரும்பினார்.

“லேய் செல்வராசு, இவனுக்கு என்ன பற்றிச்சு?”

“படிச்சுப் படிச்சு மண்டை கலங்கிட்டு அத்தான்” என்றார் செல்வராஜ்.

பேச்சு நின்ற பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசியது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்கள். என் காதில் அது விழவில்லை. நான் நாற்காலிக்குத் திரும்பி, ஒன்றும் நடக்காதது போல் பன்னிரண்டாவது கேள்வியைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அமைதி அரை நிமிஷம் நீடித்திருக்கும். பிறகு ஞானதாஸ் மாமாவுக்கு மூச்சு வந்தது.

“ஐயாயிரம் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். நம்ம சபை சரித்திரத்திலேயே இல்லாத தொகை. தம்பி ஜஸ்டினுக்கு எல்லாரும் கை தட்டுங்க. பாட்டுக்காரங்க ஒரு கீர்த்தனை எடுங்க.”

கைத்தட்டல். டிரம். தம்புரு. அது போதாதென்று, செல்வராஜ் சேவலை மதிலுக்கு மேலே தூக்கி என் ஜன்னல் கம்பியோடு வைத்து, “மக்கா, உனக்க சாதனத்தப் பிடி” என்றார். சேவல் கம்பிக்குள் தலையை விட்டுக் கேமராவைப் பார்த்துக் கூவியது.

தன்யா கேட்டாள்.

“அதாணோ கோழி?”

“ஆமா” என்றேன்.

“ஐயாயிரமோ?”

“ஆமா.”

“ஸாரி சேட்டா” என்றாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள் என்று இன்றும் நம்புகிறேன். திரை வெளுத்தது.

அந்தச் சேவலைக் கறி வைக்க ஷீபா சம்மதிக்கவில்லை. “ஐயாயிரம் ரூவா கோழிய அறுக்க எனக்க கை வராது” என்றாள். முற்றத்தில் கட்டிப்போட்டாள். மறுநாள் தாளாளர் போன் செய்து, சர்டிபிகேட் வந்ததா என்று கேட்டிருக்கிறார். நான் கட்டிலை விட்டு எழும்பவில்லை. ஷீபா எடுத்து, “வந்துட்டு சார், முற்றத்துல நிக்கி” என்று சொல்லிவிட்டாள். அன்று முதல் சேவலுக்கு அதுவே பேர். “சர்டிபிகேட்டுக்குத் தீனி போட்டீங்களா?” “சர்டிபிகேட் வேலி சாடிட்டு.” அது நான்கு வருடம் எங்கள் வீட்டில் வாழ்ந்தது.

வேலை நாகர்கோவில்காரர் ஒருவருக்குப் போனது. கிறிஸ்மஸுக்கு முன்னால் நெட் சென்டரை மூடினேன். அடுத்த ஒரு வருடத்தைப் பற்றிச் சிரிப்பாக எழுத இன்னும் எனக்கு வரவில்லை. பிறகு அந்த நாகர்கோவில்காரர் துபாய் போனார். அதுவரையிலும் அங்கே கம்ப்யூட்டர் நின்றால் என்னைத்தான் கூப்பிட்டார்கள் என்பதால், கமிட்டி பேப்பர் கேட்காமலேயே என்னை எடுத்துக்கொண்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

தேர்வுக்காரர்களின் மின்னஞ்சல் ஒரு வாரத்தில் வந்தது. ஷீபா அதை அச்செடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். பழுத்துப்போய் இன்னும் இருக்கிறது. தேர்வு நிறுத்தப்பட்ட காரணம் என்ற இடத்தில், “தேர்வரின் கவனம் ஒரு கோழி ஏலத்தில் இருந்தது” என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. விருந்தாளிகள் வந்தால் அதை வாசிப்பார்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதை நான் மட்டும்தான் வாசிப்பேன். விடையளித்தவை பதினொன்று, சரியானவை பத்து. தென்னை மரம் சொல்லித்தந்தது ஒன்றுதான் தப்பு.

மறுபடி எழுதலாம் என்றும் அதில் இருந்தது. நான் எழுதவில்லை. பயம்தான்.

ஏலத் தொகையைத் தவணையாகக் கட்டினேன். இப்போது சபைப் பொருளாளர் செல்வராஜ். கணக்கு வாசிக்கும்போது அவருக்குப் பக்கத்தில் தங்கராஜ் அண்ணன் நின்று சிரிப்பார். கடைசித் தவணையை மட்டும் அவர்கள் வாங்க மாட்டேன் என்கிறார்கள்.

“நீ அதையும் அடைச்சா, பண்டியலுக்கு நாங்க எதை வாசிக்க?” என்கிறார் செல்வராஜ்.

ஆகவே ஒவ்வொரு அறுப்பின் பண்டிகைக்கும், அதே மைக்கில், என் ஜன்னலிலிருந்து பத்தடியில், அந்த ஒரு வரி வருகிறது: ஜஸ்டின், சேவல் வகையில், பாக்கி ரூபாய் நூறு.