சம்பந்தி வீட்டு வாசலில் நான்கு நாட்டுக் கவசவண்டி

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அசன்கோஜோ அவர்களுக்கு, ஆற்றின் இக்கரையிலிருந்து எசிர்கெப் எழுதிக்கொள்வது. முறைப்படி முதலில் உங்கள் ஆடுமாடுகள் நலமா? பிறகு, நீங்கள் நலமா?

நான்கு கொடிகளோடு கவசவண்டி வந்து நின்றதும் வேட்டைத் துப்பாக்கியோடு ஓடிவந்தீர்களாமே. மன்னியுங்கள். அது படையெடுப்பு அல்ல, பிரசவம்.

பெரிய நாடுகளின் தயவு இனி வேண்டாம், அண்டை நாட்டார் நாமே நம்மைக் காத்துக்கொள்வோம் என்று நான்கு படைகள் என் மேய்ச்சல் நிலத்தில் கூட்டுப் பயிற்சிக்கு வந்து இறங்கின; வந்தவர்களுக்கு ஆடு அறுக்காமல் இருக்க முடியுமா, அறுத்தேன்; அந்த நேரம் பார்த்துத் தாய்வீடு வந்திருந்த என் மகள், உங்கள் மருமகள் ஐஜாத்துக்கு வலி கண்டுவிட்டது. மருத்துவமனையோ உங்கள் கரையில். பயிற்சி முடியாமல் பாலம் திறக்காது. சாப்பாடு முடியாமல் பயிற்சி தொடங்காது. நம் முறைப்படி, பெரிய விருந்தாளி ஆட்டுத்தலையில் கத்தி வைக்காமல் யாரும் சாப்பிட முடியாது.

"நீங்கதான் மூத்தவரு, எடுத்துக்குங்கண்ணே" என்றார் தாஜிக் தளபதி. "ஐயோ, உங்க முன்னாடி நானா?" என்று உஸ்பெக்காரர் தட்டைக் கிர்கிஸ்காரரிடம் தள்ளினார். அவர் எங்கள் கசாக் தளபதியிடம் தள்ள, தட்டு மூன்று சுற்று வந்துவிட்டது. உள்ளேயிருந்து என் மனைவி கத்தினாள்: "ஆட்டுத்தலையைப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, இங்க பேரப்புள்ள தலையே தெரிஞ்சிரும்போல இருக்கு!"

"ஐயாமாரே, சம்பந்தியவிடப் பெரிய விருந்தாளி உண்டா? அவரு அக்கரையில இருக்காரு. தலைய அவருகிட்ட சேத்துருங்க. போற வழியில எம்மகள ஆஸ்பத்திரியில விட்ருங்க!" என்றேன்.

"அதான் முறை!" என்று நால்வரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். யாருக்கும் மரியாதைக் குறைவில்லை. பாலம் அந்தக் கணமே திறந்தது; ஆட்டுத்தலையோடு ஐஜாத்தும் கவசவண்டியில் ஏறினாள்.

பேரன் பிறந்த செய்தி கேட்டு, யாரையும் கேலி பேசும் நான் குதிரைக் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த நால்வருக்கும் என் நன்றி. வெளியார் யாரிடமும் கையேந்தாமல் நம்மவர்களே நம் பிள்ளையைக் காப்பாற்றினார்கள். இனி நமக்கு என்ன குறை!

உங்கள் மந்தை பெருகட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
எசிர்கெப்

பி.கு.: உறையை ஒட்டும்போது ஐஜாத் தொலைபேசியில் பேசினாள். கவசவண்டி உங்கள் வாசலிலேயே பழுதாகி நிற்கிறதாம். வீரர்கள் பன்னிரண்டு பேரும் உங்கள் விருந்தாளிகள், கவனித்துக்கொள்ளுங்கள். உதிரிபாகம் வடக்கே அந்தப் பெரிய நாட்டில்தான் கிடைக்குமாம். தளபதிகள் நால்வரும் சேர்ந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள். மிகவும் பணிவான கடிதமாம்.