பல் டாக்டர் ஹேமர் ட்ரில் வாங்கிய விவரம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நானும் தங்கள் அக்காவும், எங்கள் இருவருக்கும் மிச்சமிருக்கிற பற்களும் நலமாக இருக்கிறோம். அங்கு தாங்களும், தங்கள் வீட்டாரும், போன தடவை நான் தட்டிப் பார்த்து எச்சரித்த அந்தக் கீழ்வரிசைப் பல்லும் நலந்தானே? அதை இன்னும் யாரிடமும் காட்டவில்லை என்றால், இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, போய்க் காட்டிவிட்டு வந்து மீதியைப் படிக்கவும்.

நிற்க. இப்படி எழுதுவது வழக்கம் என்றாலும் நான் நிஜமாகவே நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். உட்கார முடியவில்லை, மச்சான். ட்ரில் வாங்கிவிட்டேன்! ஒயர் கிடையாது, பேட்டரியில் ஓடுகிறது. சும்மா சுற்றுவதோடு விடாமல், உள்ளுக்குள் ஒரு சுத்தியல் தட்டிக்கொண்டே போகும். ஹேமர் ட்ரில் என்று பேர். ஒயர் வைத்ததே போதும், நன்றாக உழைக்கும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். உங்களுக்கென்ன, சொல்வீர்கள். தொழிலுக்கு வந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை நாற்காலியோடு குழாய் போட்டுக் கட்டிவைத்த ட்ரில்லைப் பிடித்தவன் நான். முளையில் கட்டிய மாடு மாதிரி, கயிறு எட்டுகிற தூரம்தான் என் உலகம். இப்போது ட்ரில்லைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறையிலிருந்து மாடிப்படி வரை போகிறேன், திரும்பி வருகிறேன், எதுவும் என்னைப் பின்னாலிருந்து இழுப்பதில்லை. இந்தச் சுகம் ஒயர்க்காரர்களுக்குப் புரியாது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து உங்கள் அக்காவின் தட்டு, டம்ளர், டப்பா எல்லாம் சமையலறைத் தரையில் அட்டைப் பெட்டிகளில்தான் கிடந்தன. உப்பு வேண்டுமென்றால் ஒருவர் குனிந்து எடுக்க வேண்டும், இன்னொருவர் வந்து குனிந்தவரை நிமிர்த்த வேண்டும். சுவரில் மாட்டுகிற அலமாரியைச் செய்து கொண்டுவந்து இறக்கிய தச்சர், "நாளைக்கு வந்து மாட்டிடறேன் சார்" என்றார். எந்த நாளை என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அலமாரி கூடத்தில் மல்லாந்து கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடவும் பழகிவிட்டோம். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஊர் வாயிலெல்லாம் ஓட்டை போட்டவன் நான். என் வீட்டுச் சுவத்துல நாலு ஓட்டை போட முடியாதா?" என்றேன்.

"ஊர் வாய்ல ஈறு இருக்கு, ஆறிடும். சுவரு ஆறாது" என்றாள் உங்கள் அக்கா.

இந்தப் பேச்சு எனக்கு எங்கே சுட்டது என்று உங்களுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவள் தன் பல்லை என்னிடம் காட்டியதே இல்லை. பக்கத்துத் தெருவிலிருந்த என் போட்டிக்காரரிடம்தான் போவாள், அதுவும் என் கிளினிக் வாசல் வழியாக, எனக்குக் கையசைத்துவிட்டு. ஏன் என்று கேட்டால், "காலைல உங்களோட சண்டை போட்டுட்டு, சாயங்காலம் உங்க முன்னாடியே வாயைத் திறந்துகிட்டுப் படுக்கணுமா? நல்லா இருக்கே கதை!" என்பாள். நியாயம்தான். இருந்தாலும், கட்டினவளே நம்பாத டாக்டர் என்று ஊர் பேசியதை நான் எத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பேன்! பல்லைத்தான் நம்பவில்லை, இந்தச் சுவரையாவது என்னை நம்பி விடக் கூடாதா என்று கேட்டேன். கையிலிருந்த தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "சரி, சுவருதானே" என்றாள். எனக்குப் பட்டம் வாங்கிய அன்றுகூட அவ்வளவு பூரிப்பு இல்லை.

உடனே கிளம்பி இரும்புச் சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் முகம் எனக்குப் பிடிபடவில்லை. யார் முகம்தான் எனக்கு நினைவிருந்திருக்கிறது? "வாங்க டாக்டர்!" என்று அவர் வாயைத் திறந்த பிறகுதான் பளிச்சென்று தெரிந்தது: மேல்வரிசை, இடதுபக்கம், கடைசிக் கடைவாய்ப்பல். லேசில் வராமல் என்னோடு மல்லுக்கு நின்ற பல். "வலிக்கவே வலிக்காதுன்னு சொன்னீங்களே டாக்டர், ஞாபகம் இருக்கா?" என்று சிரித்தார். பல் போனாலும் அந்தச் சொல்லை மட்டும் மனுஷன் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். நான் எதைக் கேட்டாலும் அதே மாதிரியே பதில். "பேட்டரி சீக்கிரம் தீர்ந்துடுமா?" "தீரவே தீராது டாக்டர்." "கான்கிரீட்ல இறங்குமா?" "வெண்ணெய்ல இறங்கற மாதிரி இறங்கும். சுவத்துக்கு வலிக்கவே வலிக்காது." இப்படிப் பேசுகிறவர்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

மூன்று ட்ரில்களை எடுத்து வைத்தார். ஒன்று சின்னது, ஒல்லி, உள்ளங்கைக்குள் அடங்குவது. இன்னொன்று நடுத்தரம். மூன்றாவதைப் பார்த்தால் தெருவை உடைக்க வந்த மாதிரி இருந்தது. சின்னதைப் பார்த்ததுமே என் கை தானாகப் போய் அதைப் பேனா பிடிப்பதுபோலப் பிடித்தது. பழக்கம்! போட்டுப் பாருங்கள் என்று ஒரு செங்கல்லை வைத்தார். நான் குனிந்தேன், இடதுகை விரலால் செங்கல்லின் ஓரத்தை விலக்கிப் பிடித்தேன், என்னை அறியாமல், "வலிச்சா கையைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டேன். கடை முழுக்கச் சிரித்தது. வரிசையில் பெயிண்ட் வாங்க நின்ற ஒருவர் மட்டும் சிரிக்காமல் கன்னத்தைப் பொத்திக்கொண்டார். அவரும் நம் பழைய ஆள்தான் போலிருக்கிறது. செங்கல்லில் துளை அழகாக விழுந்தது. "இதே போதும்" என்றேன். "இதுல சுத்தியல் படம் போடலையே, அதுல போட்டிருக்கே" என்றாள் உங்கள் அக்கா. "படத்தைப் பார்த்தா வாங்குவாங்க?" என்று அவளை அடக்கிவிட்டு வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்து, முகமூடியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, ஸ்டூலில் ஏறி, உங்கள் அக்கா பென்சிலால் போட்டுத் தந்த முதல் புள்ளியில் வைத்து அழுத்தினேன். பூச்சு உதிர்ந்தது. அதற்கப்புறம் கான்கிரீட். ட்ரில் சுற்றுகிறது, கத்துகிறது, புகை வருகிறது, துளை மட்டும் வரவில்லை. விரலால் தடவினால் ஒரு பள்ளம், பாலிஷ் போட்ட மாதிரி வழவழவென்று. எங்கள் தொழிலில் சூடு ஏறினால் தண்ணீர் விட வேண்டும். ஆகவே, "தண்ணி அடி, தண்ணி அடி!" என்று கத்தினேன். செடிக்குத் தெளிக்கிற பாட்டிலை எட்டி எடுக்கவும் போனேன். "பேட்டரி மேல தண்ணியா? எறங்குங்க கீழே!" என்று அவள் போட்ட சத்தத்தில் நான் ஸ்டூலைவிட்டு இறங்கியது எனக்கே தெரியாது. ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவள் அல்லவா? அவள் "இறங்கு" என்றால் மரத்தில் இருக்கிற காக்கையும் இறங்கும்.

மறுபடியும் கடை. சின்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கடைக்காரர் முனகினார். உங்கள் அக்கா ஒரு பார்வை பார்த்தாள், எடுத்துக்கொண்டார். இப்போது என்னைப் பெரியதன் பக்கம் தள்ளப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி மலையே நிக்காது டாக்டர்!" எனக்கும் சபலம் தட்டியது. ஒரு தடவை சின்னதை வாங்கி அவமானப்பட்டவன், இந்தத் தடவை யானையையே வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். அப்போது உங்கள் அக்கா முன்னால் வந்து, "ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு கைல எடுங்க. தோள் உயரத்துக்கு நேரா நீட்டுங்க. முழங்கை மடங்கக் கூடாது" என்றாள். நான் நடுத்தரத்தை நீட்டினேன், கடைக்காரர் பெரியதை நீட்டினார். "அலமாரி மாட்ற இடம் தலைக்கு மேல இருக்கு. ஸ்டூல் மேல நின்னுகிட்டு இப்படித்தான் பிடிக்கணும். யார் கை முதல்ல எறங்குதுன்னு பார்ப்போம்" என்று எண்ண ஆரம்பித்துவிட்டாள். கடைக்காரருக்கு முதலில் உதடு ஆடியது, பிறகு கை ஆடியது, பிறகு ட்ரில்லே ஆடியது. "வலிக்குதா?" என்று கேட்டேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு கிடைத்த வாய்ப்பு! "வலிக்குது டாக்டர், வலிக்குது, விட்டுடுங்க" என்று கீழே வைத்துவிட்டார்.

அப்புறம்தான் அந்த ஆளிடமிருந்து உண்மை வர ஆரம்பித்தது. பெரியது கான்கிரீட்டை இடித்துத் தள்ளுகிறவர்களுக்கு. வீட்டு வேலைக்கு நடுத்தரமே சரி. கழுத்து வளையத்தைச் சுத்தியல் படத்துக்குத் திருப்பினால் சுவர், திருகுப் படத்துக்குத் திருப்பினால் திருகாணி, வெறும் துளைப் படம் மரத்துக்கு. பக்கவாட்டில் இன்னொரு கைப்பிடி மாட்டலாம், முறுக்கிக்கொண்டு போகாது. துளை எவ்வளவு ஆழம் போகலாம் என்று நிறுத்த ஒரு கம்பி. கூடவே மாற்றுப் பேட்டரி. ஒன்று ஓட, ஒன்று சார்ஜில் இருக்கும். முன்னால் மாட்டித் துளைக்கிற பிட்டும் சுவருக்கென்றே தனி, முனை அகன்று இருக்கும். எல்லாவற்றையும் அலசி ஆராய்ந்து நடுத்தரத்தை எடுத்தேன். இறுதி முடிவு என்னுடையதுதான் என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

வீட்டில் வளையத்தைச் சுத்தியலுக்குத் திருப்பி அழுத்தினேன் பாருங்கள், மச்சான்! கிர்ர்ர் என்று பல்லெல்லாம் அதிர, சாம்பல் நிறப் பொடி கொட்ட, அந்த ஆழக் கம்பி சுவரைத் தொடுகிற வரைக்கும் போய் நின்றது. துளை என்றால் அது துளை! அதே வேகத்தில் அடுத்த புள்ளிக்குப் போனேன். அங்கே தட்டினால் சத்தம் வேறாக இருந்தது. டொக்கு டொக்கு. உள்ளே பூச்சு விட்டுப்போயிருக்கிறது. சுவருக்குச் சொத்தை! சொத்தையைப் பார்த்தபிறகு ஒரு பல் டாக்டர் சும்மா இருப்பானா? கெட்டதை முழுக்க எடுக்காமல் அடைத்தால் உள்ளேயே அரிக்கும் என்பது பாலபாடம். சுரண்டினேன். இன்னும் கொஞ்சம் இருந்தது. இன்னும் சுரண்டினேன். உங்கள் அக்கா காய்கறிக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, "ஓட்டை போடச் சொன்னா ஜன்னலே வச்சிட்டீங்களே!" என்றாள். நான் சிமெண்ட் குழைத்து, அடுக்கடுக்காக வைத்து, அமுக்கி, வழித்து, அப்படியொரு ஃபில்லிங் வைத்தேன். கடிச்சுப் பார்க்கச் சொல்ல முடியாததுதான் குறை.

அது இறுகும்வரை காத்திருந்தோம். பிறகு புள்ளிகளைத் தள்ளிப் போட்டு, நல்ல இடங்களாகப் பார்த்துத் துளைகள் போட்டேன். உங்கள் அக்கா வாக்குவம் கிளீனர் குழாயைத் துளைக்குக் கீழே பிடித்துக்கொண்டு தூசியை உறிஞ்சினாள். துளைகளுக்குள் திருகாணி பிடிக்கிற பிளாஸ்டிக் பிளக் வைத்தேன், அலமாரியைத் தூக்கினோம், திருகாணி முடுக்கினேன். முதலில் ஒரு தட்டு வைத்தோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. பிறகு டம்ளர்கள், டப்பாக்கள், கடைசியில் அந்தக் கனமான இரும்புச் சட்டி. அசையவில்லை! அலமாரி கல் மாதிரி நின்றது. "பரவாயில்லையே" என்ற ஒரு சொல் அப்போது சமையலறையில் ஒலித்தது. எங்கள் வீட்டில் அது எப்பேர்ப்பட்ட பட்டம் என்பது தங்களுக்குத் தெரியும்.

ஆகவே மச்சான், உங்கள் வீட்டுக் கண்ணாடி, திரைச்சீலைக் கம்பி, மாடியில் துணிக்கொடி எதற்கும் ஆள் கூப்பிட வேண்டாம். நானே ட்ரில்லோடு வருகிறேன். தாங்களும் தங்கள் குடும்பமும் ஈறும் பல்லும்போல ஒருவரை ஒருவர் விடாமல், எதையும் மென்று விழுங்கும் வலுவோடு நெடுங்காலம் வாழ வேண்டும். பிள்ளைகளைப் படுக்கப் போகும்முன் பல் துலக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உங்கள் அக்கா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். உண்மையையும் சேர்த்து எழுதினால்தான் தபாலில் போடுவாளாம். எழுதுகிறேன். முதல் துளை நான் போட்டது. ஜன்னலும் நான்தான். அதற்குப் பிறகு அவள் என் கையிலிருந்து ட்ரில்லை வாங்கிக்கொண்டாள். மற்ற துளைகள் எல்லாம் அவள் போட்டவை. வாக்குவம் கிளீனர் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். கடையிலும் நடுத்தரத்தை எடுத்து பில் போடச் சொன்னவள் அவளே. அப்போது நான் கடைக்காரரின் வலதுபக்கப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பரவாயில்லையே" என்றதும் நான்தான், அவளைப் பார்த்து. அதனால் உங்கள் வீட்டு வேலைக்குத் தேதி வேண்டுமென்றால் அவளைக் கேளுங்கள். இந்த வாரம் முழுக்க எங்கள் தெருவிலேயே அவளுக்கு வேலை இருக்கிறது; இப்போதுகூட எதிர்வீட்டுக்குக் கிளம்பச் சொல்லிக் கூப்பிடுகிறாள், நான் குழாயை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஆனால் மச்சான், அந்தக் கையை நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு நடுக்கம் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை, வைத்த இடத்தில் நேராக இறங்குகிறது. இப்படிப்பட்ட ஒரு கை என் கிளினிக்குக்கு நாலு தெரு தள்ளிப் பள்ளிக்கூட மைதானத்தில் இத்தனை வருஷமும் விசில் ஊதிக்கொண்டிருந்திருக்கிறதே என்று நினைத்தால்தான் வயிறு எரிகிறது.