பின்சீட்டில் சம்பந்தி

வயதில் சிறியவளாக இருந்தாலும் பொறுமையில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவளான மருமகளுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் சுகம். என் முழங்கால்கள் இரண்டும் சுகமில்லை. அவற்றை நலம் விசாரித்து யாரும் கடிதம் போடப் போவதில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன். நீயும் என் மகனும் பேரனும் நலமாக இருக்க வேண்டும். பேரனுக்கு மேல்பல் வந்துவிட்டதா? வந்திருந்தால் உன் கைபேசியை அவன் வாய்க்கு எட்டாத இடத்தில் வை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று நீ கேட்பாய். நான் பேச ஆரம்பித்தால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விடுகிறாய். அந்த நேரம் பார்த்து உன் அப்பா உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் என் கதி என்ன ஆவது? அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துவிடு.

முதலில் நன்றி. தேசியப் பூங்காவின் மலைச்சாலையை மாதத்தில் ஒரு ஞாயிறு மோட்டார் வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள், சைக்கிள் மட்டும் போகலாம், உங்களுக்காகப் பதிவு செய்துவிட்டேன், நிம்மதியாகச் சுற்றிவிட்டு வாருங்கள் மாமா என்று நீ சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் அச்சகத்தின் பின்னறையில் குழல்விளக்குக்குக் கீழே உட்கார்ந்து பிழை திருத்தியவன் நான். மலை என்றால் எனக்கு லகரமா ளகரமா என்பதுதான் தெரியும். அந்த மலையில் ஒருநாள் முழுக்க என்னை விட்ட உனக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஆனால் இதே வார்த்தைகளை இதே குரலில் உன் அப்பாவிடமும் சொல்லியிருக்கிறாய் என்பதை மட்டும் மறைத்துவிட்டாயே, அம்மா!

உன் மேல் குற்றம் இல்லை. நீ குடிபோன புதுவீட்டைக் காலையில் எனக்கு ஒரு தடவையும் மாலையில் உன் அப்பாவுக்கு ஒரு தடவையும் சுற்றிக் காட்டியவள். அதன்பிறகும் எப்போது வந்தாலும் நான் கிளம்பச் செருப்பை மாட்டும்போதுதான் அவர் மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பார். "பேரனோட முதல் பிறந்தநாளுக்கு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வர்றதா இருந்தா வாங்க. இல்லன்னா ரெண்டு பேருமே வர வேண்டாம்" என்று நீ கையைக் கழுவிவிட்டாய். நியாயம்தான். ஆனால் சண்டையை ஆரம்பித்தது யார்? கல்யாணப் பத்திரிகையை அச்சடித்து எனக்கு அனுப்பினார் உன் அப்பா. பார்த்தேன். பழக்கதோஷம், கை சிவப்புப் பேனாவைத் தேடியது. ஏழெட்டு இடத்தில் சுழித்துத் திருப்பி அனுப்பினேன். ஒற்றுப்பிழை யார் வீட்டுக் கல்யாணத்திலும் ஒற்றுப்பிழைதானே? அதற்கு அவர் என்ன செய்தார்? மண்டபத்தில் அத்தனை பேர் முன்னிலையில் மைக்கைப் பிடித்து, "வாசலில் ஸ்கூட்டரைக் கோணலாக நிறுத்தியிருக்கும் மாப்பிள்ளையின் தகப்பனார் உடனே வந்து நேராக நிறுத்தவும்" என்று அறிவித்தார். ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்திய அதிகாரி என்றால் சம்பந்தியையுமா ஃபெயிலாக்குவது?

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது மொட்டையாகத்தான். நீ கவனித்திருப்பாய். நீங்க என்றும் கிடையாது, சம்பந்தி என்றும் கிடையாது. விசேஷ வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார நேர்ந்து, அவருக்கு உப்பு வேண்டுமென்றால் கூரையைப் பார்த்து, "உப்பு இருந்தா நல்லா இருக்கும்" என்பார். நான் சுவரைப் பார்த்து, "உப்பு அங்கதான் இருக்கு" என்பேன். மரியாதைக்குக் குறைவு வராமல், உறவும் வளராமல், காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்ட எங்கள் இருவரையும் நீ மலையடிவாரத்து வாடகை சைக்கிள் கடையில் சந்திக்க வைத்தாய். நான் அவரைப் பார்த்துவிட்டுக் காற்றுப் பம்பைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு டயரைப் பார்த்தார். சரி, மலை பெரியது, அவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, கடைக்கார அம்மா உள்ளிருந்து ஒரே ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். இரண்டு சீட்டு, இரண்டு ஜோடி பெடல், ஒரே சங்கிலிக் குடும்பம். "உங்க பொண்ணு இதைத்தான் கேட்டிருந்தாங்க" என்றார் எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்து. பொண்ணா, மருமகளா என்று விளக்க நாங்கள் இருவருமே வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உறவுமுறையைச் சொல்ல வேண்டி வருமே.

அந்த அம்மா கறாரானவர். என்னை மேலும் கீழும் அளந்து, "குட்டையா இருக்கிறவர் முன்னாடி" என்றார். அப்போது உன் அப்பாவின் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை மட்டும் நான் மன்னிக்கப் போவதில்லை. பிறகு, "நல்லாக் கேட்டுக்குங்க. ஹேண்டில், கியர், சாதாரண பிரேக் எல்லாம் முன்னாடி. மலையிறக்கத்துக்குன்னு தனியா ஒரு பெரிய பிரேக் இருக்கு, அது பின்சீட்டுக்காரர் கையில. முன்னாடி இருக்கிறவர் சொல்லணும், பின்னாடி இருக்கிறவர் செய்யணும். பேசிக்காம ஓட்டினா ரெண்டு பேரும் பள்ளத்துலதான் இருப்பீங்க" என்றார். நாங்கள் இருவரும் தலையாட்டினோம், தனித்தனியாக.

கிளம்பினோம். வண்டி ஒன்றுகூட இல்லாத சாலை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா? ஹாரன் இல்லை, புகை இல்லை. இரண்டு பக்கமும் மரங்கள், நடுவில் கழுவித் துடைத்த மாதிரி தார். தண்ணீர் எங்கோ பாறையில் விழும் சத்தம் கேட்கிறது, தண்ணீரைக் காணோம். நான் அப்படியே மெய்மறந்து முதல் வளைவில் திரும்பினேன். பின்னாலிருந்து ஒரு குரல், வானத்தை நோக்கி: "திரும்பும்போது கை காட்டணும்." நான் மரத்தைப் பார்த்துச் சொன்னேன்: "ரோட்டுல வண்டியே இல்ல. யாருக்குக் கை காட்டறதாம்?" வானம் சொன்னது: "பழக்கம்னு ஒண்ணு இருக்கு." அதற்கப்புறம் வளைவுக்கு வளைவு நான் கை காட்டினேன். ஒரு குரங்கு மட்டும் மதித்து ஒதுங்கியது.

ஏற்றம் வந்தது. இங்கேதான் ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். பாதி ஏற்றத்தில் என் வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நிறுத்து என்று சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது? "கால் பிடிச்சுக்கிட்டா கஷ்டம்தான்" என்று மலையிடம் சொன்னேன். சைக்கிள் நிற்கும், சரிந்துவிடும் என்று பயந்தால், நிற்கவே இல்லை. என் காலின் கீழே பெடல் தானாகச் சுற்றியது. பின்னால் உன் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு இருவருக்குமாக மிதித்துக்கொண்டிருந்தார். அவருடைய மூச்சு என் பிடரிக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. என்னைவிட இரண்டு வயது பெரியவர், இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். நன்றி என்று திரும்பிச் சொல்லியிருக்க வேண்டும். "இப்ப பரவாயில்ல" என்று மட்டும் சொன்னேன், அதையும் ஹேண்டிலிடம்.

உச்சியில் மரப்பெஞ்சில் உட்கார்ந்தோம், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு. கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம். அவர் தன் தண்ணீர்ப் பாட்டிலை அந்த நடு இடத்தில் வைத்தார். நான் எடுத்துக் குடித்தேன். பேரன் இதைப் பார்த்தால் கை கொட்டுவான் என்று தோன்றியது. அவரும் அதையேதான் நினைத்தார் போலிருக்கிறது, "குழந்தைக்கு இந்தக் காத்து நல்லது" என்றார் மேகத்திடம். "ஆமா" என்றேன். பிறந்தநாளுக்குச் சேர்ந்து போய்விடலாம் என்று அந்த நிமிஷம் நான் நம்பிவிட்டேன், அம்மா. நீ போட்ட திட்டம் பலித்துவிட்டது என்று மனசார உன்னை வாழ்த்தினேன். ஏறினவன் இறங்க வேண்டும் என்பதை மறந்துவிட்டேன்.

இறக்கம். சைக்கிள் எங்களைக் கேட்காமலே வேகம் பிடித்தது. என் பிரேக்கைப் பிடித்தேன், போதவில்லை. மரியாதை கெடாமல், "பெரிய பிரேக் பிடிக்கப்பட்டால் நல்லது" என்றேன். பின்னாலிருந்து, "யாரோ யாரையோ பிரேக் பிடிக்கச் சொல்றாங்க போலிருக்கே" என்று பதில் வந்தது. வேடிக்கை பார்க்கும் குரல். இரண்டாவது வளைவில், "பிரேக்! பிரேக் பிடிக்கப்படட்டும்!" என்று கத்தினேன். "யார் பிடிக்கணும்னு சொன்னா பிடிக்கலாம்" என்றார் அவர். அவர் எதிர்பார்த்தது ஒரே ஒரு 'சம்பந்தி' என்ற சொல்லை என்று இப்போது புரிகிறது. அந்தச் சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. சத்தியமாக வந்தது. அதற்குள் மூன்றாவது வளைவு. சாலையின் நடுவில், கொம்பும் கிளையுமாக ஒரு மான், கண்டக்டர் மாதிரி எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

"டேய்! பிரேக்கைப் பிடிடா!"

நான்தான் கத்தினேன். ஒருமை, பன்மை, உயர்திணை என்று ஊரார் எழுத்தையெல்லாம் திருத்திய நான். பெண் கொடுத்த சம்பந்தியை. அதுவும் 'டா' போட்டு. மலை அதை இன்னொரு தடவை திருப்பிச் சொன்னது.

பிரேக் பிடித்தது. சைக்கிள் நின்ற இடத்தில் மானின் மூச்சு என் கைமேல் பட்டது. அது எங்களை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் காட்டுக்குள் போனது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. உன் அப்பாவின் ஒரு கை பிரேக்கில், இன்னொரு கை என் சட்டையின் முதுகுப் பக்கத்தைக் கொத்தாகப் பிடித்திருந்தது. மான் போன பிறகும் அந்தக் கை விடவில்லை. பிறகு மெல்ல விட்டது. அதோடு சரி. கீழே வந்து சேரும்வரை கூரைக்கும் வானத்துக்கும் சொல்கிற பேச்சுகூட இல்லை. வளைவில் நான் கை காட்ட மறந்தேன், அதைக்கூடச் சொல்லிக் காட்டவில்லை. சைக்கிளைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறினோம். அவர் முன்சீட்டுக்குப் போய் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இறங்கும்போதும் பார்க்கவில்லை.

உன் அத்தையிடம் சொன்னேன். "சம்பந்தியைப் போய் டேய்னு சொல்லிட்டீங்களே, இனிமே அவர் நம்ம வாசப்படி மிதிப்பாரா? பேரன் பிறந்தநாளைப் போட்டோவுலதான் பாக்கணும்" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் சொல்வது சரிதான். அதனால் உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நீ பக்குவமாக, அவர் சாப்பிட்டு முடித்த நேரம் பார்த்து, உயிர்ப்பயத்தில் வாய் தவறி வந்த சொல், அச்சுப்பிழை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல். நான் காலில் விழவும் தயார், முழங்கால் மடங்கினால். இனிமேல் அவரை சம்பந்தி அவர்களே என்று முழுசாகத்தான் கூப்பிடுவேன். சைக்கிள் பக்கம் இந்த ஜென்மத்தில் தலைவைத்துப் படுக்க மாட்டேன். பிறந்தநாளுக்கு உன் வீட்டுக் கூடத்தில், அவர் எந்த மூலையைக் காட்டுகிறாரோ அந்த மூலையில் நிற்கிறேன்.

எது எப்படிப் போனாலும், எங்களை ஒரே சங்கிலியில் பூட்டிவிட்ட உன் நல்ல மனசுக்கு நான் கடன்பட்டவன். நீயும் என் மகனும் மனம் ஒத்து, நோய்நொடி இல்லாமல், பேரனும் பல்லும் பலமுமாக வளர்ந்து, நீங்கள் எல்லோரும் நீடூழி வாழ வேண்டும். உன் அப்பாவுக்கு என் வணக்கம், அவர் ஏற்றுக்கொள்வதாக இருந்தால்.

இப்படிக்கு,
முழங்காலும் முகமும் வீங்கிய உன் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடும்போது போன் அடித்தது. என் போனில் உன் அப்பாவின் எண்ணை 'அவர்' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறேன். எழுந்து நின்று எடுத்து, "வணக்கம், சொல்லுங்க" என்றேன். "டேய், கால் எப்படிடா இருக்கு?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார்: "என்னை டேய்னு கூப்பிட எங்க அண்ணன் ஒருத்தர்தான் இருந்தாரு. அவர் போனப்புறம் ஆபீசுல சார், வீட்டுல வாங்க போங்க. கூப்பிட ஆளே இல்லாமப் போச்சுடா. அந்த வளைவுல அது காதுல விழுந்ததும் தாங்கல. பேசினா அழுதுடுவேன்னுதான் பஸ்ஸுல முன்னாடி போய் உக்காந்துட்டேன்." நானும் ஏதோ பதில் சொன்னேன். அது எழுத்தில் வராது. ஆகவே மேலே எழுதியிருக்கும் எதையும் நீ அவரிடம் சொல்ல வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம், மூலையும் வேண்டாம். அடுத்த மாதம் பேரனின் பிறந்தநாளும் மலைச்சாலையை மூடும் ஞாயிறும் ஒரே நாள் என்று உன் அப்பா கண்டுபிடித்து, அதே சைக்கிளைச் சொல்லிவைத்துவிட்டார். இந்த முறை அவர்தான் முன்னாடி உட்காருவாராம். அந்த அளந்து பார்க்கும் அம்மாவிடம் அவரே பேசிக்கொள்ளட்டும். பிறந்தநாளை உச்சியில் அந்தப் பெஞ்சில் வைத்துக்கொள். நீ சொன்னபடி இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் வருவோம், ஒரே சைக்கிளில் வேறு எப்படி வருவதாம்? நீயும் என் மகனும்தான் பேரனைத் தூக்கிக்கொண்டு விடியும்போதே நடக்க ஆரம்பிக்க வேண்டும். வண்டி விடமாட்டார்கள்.